உப்புப் பார்த்தல்

தான் உண்ணாத ஓர் உணவை ஒருவன் பிறனுக்காகச் சமைக்கலாமா? சமைக்கலாமெனில், அதற்கு உப்புப் பார்ப்பது யார்? கேள்வி சிறியது, அடுப்பங்கரையைத் தாண்டாதது என்று நேயர்கள் நகைக்கவும் கூடும். ஆயினும் சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று, கிள்ளானில் நண்பர் ஒருவருடைய வீட்டு அடுப்பின் முன் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்ற நம்மை, மேடைகளில் நாற்பதாண்டுக் காலம் நாம் பேசியவற்றையெல்லாம் எதிரே நிறுத்தி, அச்சிறு கேள்வி விசாரணை செய்துவிட்டது.

நண்பர் எண்பதைக் கடந்தவர். நம்மினும் எட்டாண்டு மூத்தவராகையால் ‘அண்ணே’ என்றே அவரை அழைப்போம். பேராக்கு மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நம் குடும்பம் மேட்டு லயத்திலும் அவர் குடும்பம் பள்ளத்து லயத்திலும் இருந்தன. ஏன் மேடு, ஏன் பள்ளம் என்பதை இவ்விதழின் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. (கப்பலேறி வந்தவர்களில் எவரும் ஜாதிக்கென்று தனியே டிக்கட்டு வாங்கியதாகத் தெரியவில்லை, ஆயினும் அது செலவின்றி வந்து சேர்ந்துவிட்டது.) 1957ஆம் ஆண்டில், இந்நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனாக அவர் துரையின் பங்களாவில் குசினிப் பையன் வேலைக்கு அமர்ந்தார். அங்கே தலைமைச் சமையற்காரர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். வெள்ளையர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை அந்நாளில் பெரும்பாலும் ஹைனானியர் கையில் இருந்தது. தோட்டத்தார் அவரைக் ‘குக்கி’ என்பர். அவர் செய்யும் மாட்டிறைச்சி ‘ஸ்டூ’வுக்குச் சுற்று வட்டாரத்துத் துரைமாரிடம் நல்ல பெயர் இருந்ததாம்.

சென்ற ஆண்டு பக்கவாதம் நண்பருடைய வலக்கையைத் தாக்கிற்று. மனைவியார் காலமாகி ஆண்டுகள் பல. ஒரே மகன் பிழைப்பு நிமித்தம் ஜோகூரில். “தம்பி, குக்கி செய்த அந்த ஸ்டூவை இன்னும் ஒரு தடவை சாப்பிட வேண்டும் போல இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன், நீ செய்” என்றார். “அதற்கென்ன அண்ணே” என்று வாய் சொல்லிற்று. வயிறு வேறொன்று சொல்லிற்று.

உண்மையை ஒளிப்பதிற் பயனில்லை. நாம் ஆடு உண்போம், கோழி உண்போம், மீன் உண்போம். மாட்டிறைச்சியை இந்நாள்வரை உண்டதில்லை. சமபந்தி போஜனங்களை முன்னின்று நடத்தியிருக்கிறோம். அவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறோம். அவ்விருந்துகளிலெல்லாம் பரிமாறப்பட்டது சோறும் சாம்பாரும் பாயசமுமே என்பது, பசாரில் இறைச்சிக் கடையின் முன் நின்றபொழுதுதான் நமக்கு உறைத்தது. பந்தி சமமாக இருந்தது. இலையில் இருந்தது யாருடைய உணவு என்று நம்முள் ஒருவரும் கேட்டதில்லை. பள்ளத்து லயத்தார் நம்முடன் அமர்ந்து நம் உணவை உண்ண வந்தார்களேயன்றி, நாம் அவர்கள் உணவுக்குச் சென்றோமில்லை. இதனைச் சமம் என்று பெயரிட்டுக் கைதட்டினோம்.

கடைக்காரர் மலாய் அன்பர். நண்பர் எழுதிக் கொடுத்தபடி முன்காற் கெண்டைச் சதை ஒரு கிலோ கேட்டோம். தசை நடுவே வெள்ளை நரம்பும் சவ்வும் ஓடும் மலிவான பகுதி அது; விரைந்து வறுத்தால் தோலைப் போல் மெல்ல முடியாததாகிவிடும், பொறுத்து வேகவைத்தால் அதற்கு ஈடில்லை. “இது எருமை, இந்தியாவிலிருந்து வருவது” என்றார் கடைக்காரர். மலேசியா இறக்குமதி செய்யும் மாட்டிறைச்சியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து உறையவைத்து வரும் எருமை இறைச்சியே. பசுவின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய இந்தியச் சட்டம் இடந்தருவதில்லை; எருமைக்கு அத்தடையில்லை. இதைக் கேட்டவுடன் நம் நெஞ்சு சிறிது இலேசாயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். ஏன் இலேசாக வேண்டும்? பசு புனிதமென்று நாம் நம்புகிறவர்களல்லவே! அன்றியும், எருமையை உண்டவனுக்கு நம் ஊர் எந்நாளில் தனி மரியாதை செய்தது? பசுவை உண்டவனோடு சேர்த்தே அவனையும் ஒதுக்கிற்று. அப்படியாயின் விலகி நின்றதற்குக் காரணம் பசுவன்று.

சமையலுக்கு வருவோம். இறைச்சியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, உப்பும் மிளகுத் தூளும் தூவினோம். கனத்த அடியுள்ள சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, நாற்புறமும் நன்கு பழுப்பேறும்வரை புரட்டினோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டப் போன நம் கையை நண்பர் குரல் தடுத்தது: “நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு அவிந்துபோகும், சிவக்காது.” இவ்விதம் முதலில் வறுப்பது எதற்கு என்று கேட்டோம். “உள்ளே இருக்கும் சாறு வெளியே வராமல் வாய் கட்டுவதற்கு” என்றார். குக்கி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம்.

இந்த இடத்தில் நாம் சற்றே நிற்க விரும்புகிறோம். சாற்றுக்கு வாய் கட்டுவது என்னும் கொள்கை, ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் என்பவர் 1847இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவியது. அது பிழை. வறுத்த இறைச்சியும் வறுக்காத இறைச்சியைப் போலவே சாற்றை விடும் என்பதைப் பிற்காலச் சோதனைகள் தெளிவாக்கிவிட்டன. ஆயினும் வறுக்க வேண்டும் என்பது மட்டும் பிழையன்று. கடுஞ்சூட்டில் இறைச்சியின் புரதமும் அதிலுள்ள சர்க்கரையும் கூடி நூற்றுக்கணக்கான புது மணங்களைப் பிறப்பிக்கின்றன. அவ்வினையைப் பிரெஞ்சு அறிஞர் மய்யார் 1912இல் விவரித்தார். ஆகவே சட்டியடியில் பிடித்த அப்பழுப்பைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக் கரைப்பதில்தான் ஸ்டூவின் உயிரே இருக்கிறது. குக்கி சொன்ன காரணம் பொய். செய்த காரியம் மெய்.

அடுப்பின் முன் நின்ற நமக்கு இது பெரிய செய்தியாகப்பட்டது. பொய்க் காரணத்தோடு வந்த ஒரு வழக்கத்துக்கு வேறொரு நற்காரணம் இருத்தல் கூடும். அங்ஙனமாயின், மாட்டிறைச்சி உண்ணாத நம் வழக்கத்துக்கும் அப்படியொரு காரணம் இருக்குமோ? தீட்டு என்பது பொய்யென்று எறிந்துவிட்டோம்; ஆனால் வழக்கத்தை எறியவில்லை. அது இப்போது எதன்மேல் நிற்கிறது?

ஜீவகாருண்யம் என்று சொல்லலாமா? ஆட்டுக்கும் கோழிக்கும் இல்லாத காருண்யம் மாட்டுக்கு மட்டும் எப்படி வரும்? வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர் உண்டு. குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் பத்துப் பாட்டிலும் ஓரிடத்திலாவது பசுவைத் தனியே பிரித்துப் பேசுகிறதா என்று நேயர்கள் எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அங்கே விலக்கப்படுவது ஊன். எந்த உயிரின் ஊனாயினும் ஊனே. அதை மேற்கொள்ளுகிறவர் நம் வணக்கத்துக்குரியவர். ஆட்டுக் குழம்பை வழித்துண்ட கையால் அந்த அதிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறவர் அல்லர். தமிழர் மரபு என்று சொல்லலாமா? வேம்பின் அடியில் கொழுத்த ஆவைக் கொன்று தெய்வத்துக்குப் படைத்து அதன் ஊனைச் சமைத்துண்ட மழவரை அகநானூறு காட்டுகிறது. இக்காலத்தில் சிலர், மாட்டு வளர்ப்பால் வளிமண்டலத்தில் மீதேன் பெருகிப் பூமி சூடாகிறது என்று மாட்டிறைச்சியை விடுகின்றனர். அது தக்க காரணம். அதனால் எந்த மனிதனும் இழிவுபடுவதில்லை. ஆனால் நாம் அதற்காகவா விட்டோம்? ஏழு வயதில் நமக்கு மீதேன் தெரியாது.

ஏழு வயதில் நமக்குத் தெரிந்தது அதிரசம். தீபாவளியன்று பள்ளத்து லயத்திலிருந்து நண்பரின் தாயார் பித்தளைத் தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து, மேலே வெள்ளைத் துணியிட்டு மூடி, மகன் கையில் கொடுத்தனுப்பினார். நம் தாயார் புன்னகையோடு வாங்கிக்கொண்டார்; பையனுக்குக் கால் வெள்ளிக் காசும் கொடுத்தார். அவன் தலை மறைந்ததும், பலகாரத்தைக் கொல்லையில் வாழையடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தார். தட்டைப் புளியும் சாம்பலும் இட்டு மும்முறை தேய்த்தார். ஏன் அம்மா என்றோம். “அவர்கள் மாடு தின்கிறவர்கள்” என்றார். அன்னையார் கொடியவரல்லர், அதே பள்ளத்து லயத்தில் பேறுகால வேதனைப்பட்ட ஒருத்திக்கு இரவெல்லாம் துணையிருந்தவர். ஆயினும் நாம் கேட்கிறோம்: பச்சரிசியும் வெல்லமும் சேர்ந்த அதிரசத்தில் மாடு எங்கே இருந்தது?

அருவருப்பு நாவில் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். பாகற்காயைச் சிறுவன் துப்புவது நாவின் காரியம். அவன் பாகற்காய் உண்ணுகிறவன் வீட்டுத் தண்ணீரை மறுப்பதில்லை. உணவின்மேல் எழும் வெறுப்பு உணவோடு நின்றுவிடும். அதை உண்டவன்மேலும், அவன் தொட்ட தட்டின்மேலும், அவன் தாய் சுட்ட பலகாரத்தின்மேலும் படர்வது நாவின் வெறுப்பன்று; அது முன்னமே இருந்த வேறொன்று, மாட்டைச் சாக்காக வைத்துக்கொண்டது. மற்றவர்கள் மாட்டிறைச்சியைக் கைவிட்ட காலத்தில் கைவிடாதிருந்தவர்களே தீண்டாதாராக்கப்பட்டனர் என்று டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். அக்கொள்கையை முற்றும் ஒப்பாத ஆராய்ச்சியாளரும் உளர். எது முன், எது பின் என்பதை அவர்கள் தீர்க்கட்டும். வாழையடிக் குழியை நாம் கண்ணாற் கண்டோம்.

பசுவை உரித்துத் தின்னும் புலையரேயாயினும் சிவனிடத்து அன்புடையராயின் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று பொருள்படத் திருநாவுக்கரசர் பாடியிருப்பதை, சமரசத்துக்குச் சான்றாக நாமே பன்முறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். அவர் காலத்துக்கு அது பெருந்துணிவே; ஐயமில்லை. ஆனால் அங்கு வரும் உம்மையை இலக்கணம் கற்றவர் கவனிக்க வேண்டும். இழிவு சிறப்பும்மை அது. தாழ்ந்ததொன்றை எடுத்து, ‘அதுவும் கூட’ என்பது. அவ்வும்மைக்கு நம் இலக்கணப் பாடங்கள் காட்டிவந்த உதாரணத்திலும் அதே புலையன்தான் நிற்கிறான். நாம் மேடையில் பேசிய அன்பிலும் அந்த உம்மை ஒளிந்திருந்ததோ? ‘மாடு உண்பவரும் நம் சகோதரரே’ என்று முழங்கியிருக்கிறோம். ‘ஆடு உண்பவரும் நம் சகோதரரே’ என்று எவரேனும் முழங்கக் கேட்டதுண்டா?

இதற்குள் சட்டியில் வெங்காயம் வதங்கி, ஒரு கரண்டி கோதுமை மாவும் தூவியாயிற்று. பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ இரண்டு, கிராம்பு நாலைந்து, கறுப்புக் கிச்சாப் இரண்டு கரண்டி. இவை ஹைனானியர் துரையின் சட்டியில் தம் ஊரைச் சிறிது கரைத்துவிட்டவை. இறைச்சி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைக்கச் சொன்னார். “கொதிக்கக் கூடாது தம்பி. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும்.” அதற்கும் காரணம் உண்டு. வெள்ளைச் சவ்வில் உள்ள கொலாஜன் என்னும் பொருள், எழுபது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரம் கிடந்தால் கரைந்து கூழ்போன்ற ஜெலட்டின் ஆகிறது. குழம்புக்குக் கொழகொழப்பும் இறைச்சிக்கு மென்மையும் அதனால் வருவன. பெருங்கொதியில் தசைநார் சுருங்கி, தண்ணீரில் மிதந்துகொண்டே வறண்டுபோகும். நாம் பொறுமையின்றி மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் நண்பர் நாக்கால் ‘ச்சு’ கொட்டினார்.

இரண்டு மணி நேரம் இப்படிச் சென்றது. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் நறுக்கிப் போட்டோம். அவற்றை முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். கடைசி நாற்பது நிமிடம் போதும். அப்பொழுது நண்பர், மழை வருமா என்று கேட்பவர் குரலில், “உன் அம்மா எங்கள் அதிரசத்தை வாழையடியில் புதைத்தது எனக்குத் தெரியும்” என்றார்.

நம் கையில் இருந்த கத்தி நின்றது.

“காசை வாங்கிக்கொண்டு வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த வருஷம் அந்த வாழை நல்ல தார் போட்டது” என்று சொல்லிச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டுமே அவருக்கு இப்போது சிரிக்கும். தம் தாயாரிடம் சொன்னதில்லையாம்; ஒவ்வொரு தீபாவளிக்கும் தட்டைச் சுமந்து வந்தாராம்.

பதில் சொல்ல நமக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்றோம். நீர் வற்றிக் குழம்பு தடித்திருந்தது. “தம்பி, உப்புப் பார்த்தாயா?” என்றார்.

இதுதான் அந்தக் கேள்வி. நேயர்கள் அறிவார்கள், ஸ்டூவுக்கு உப்பை முதலிலேயே அளந்து போட முடியாது. நீர் எவ்வளவு வற்றும் என்று யாருக்குத் தெரியும்? கிச்சாப்பிலும் உப்பு உண்டு. கிழங்கு சிறிது உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்கும் மூக்குக்கும் உப்பு தெரியாது. நாக்கு ஒன்றே அறியும். பதினைந்து பேர் அமர்ந்த பந்தியில் எவனோ ஒருவன் எதை உண்டான், எதை ஒதுக்கினான் என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கோ ஒரு சட்டி, ஒரு கரண்டி, இரண்டு மனிதர்.

நாம் கரண்டியில் சிறிது எடுத்தோம், ஊதினோம், உதடுவரை கொண்டுவந்தோம். அவ்வளவுதான். உண்டால், வாழைக் குழிக்கு விடை சொல்வதற்காக உண்டதாக ஆகும். அவர் வீட்டு உணவை ஒரு பிராயச்சித்த மருந்தாக விழுங்கியதாகும். உண்ணாவிட்டால், நம் தாயாரின் மகனாகவே நின்றுவிட்டதாகும். எப்பக்கம் திரும்பினாலும் அவர் நம் நல்லெண்ணத்துக்கு ஒரு சாட்சியாக நிறுத்தப்படுகிறாரேயன்றி, பசியோடு காத்திருக்கும் ஒரு முதியவராக அல்ல.

“இங்கே கொண்டா” என்றார் நண்பர். அருகே சென்று கரண்டியை அவர் வாயில் வைத்தோம். கண்ணை மூடிச் சுவைத்தார். “இன்னும் ஒரு சிட்டிகை. மிளகு போதும்.” பிறகு சொன்னார்: “குக்கியும் மாடு சாப்பிடமாட்டார், தெரியுமா?”

நமக்குத் தெரியாது. கருணைத் தெய்வமாகிய குவான் யின்னை வழிபடும் சீனரிற் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஏர் உழுது சோறு தரும் மிருகத்தை உண்பது நன்றிகேடு என்று அதை விலக்கிய உழவர் மரபும் அவர்களிடம் உண்டு. குக்கியின் தாயார் நேர்ந்துகொண்ட விரதமாம் அது; முப்பதாண்டு மாட்டிறைச்சி சமைத்தும் அவர் ஒரு துளியும் வாயில் இட்டதில்லை. “அப்புறம் உப்பு?” என்றோம். நண்பர் தம் நாக்கை நீட்டிக் காட்டினார். “இதுதான். அவர் கரண்டியை நீட்டுவார், நான் சொல்வேன். நான் குறைவு என்றால் போடுவார், சரி என்றால் இறக்குவார். ஒரு நாளும் என் சொல்லைச் சந்தேகித்ததில்லை. துரை புகழ்ந்தால், குசினிக்கு வந்து என் தலையில் தட்டி, உன் நாக்குக்குத்தான் சம்பளம் என்பார்.”

மேட்டு லயத்தில் எந்தக் குடத்தைத் தொடக்கூடாதிருந்ததோ அந்தச் சிறுவனின் நாவை நம்பித்தான் துரையின் மேசைக்குத் தட்டுச் சென்றது. மாடு உண்ணாத ஒருவர், உண்ணுகிற ஒருவனைக் குறைத்து மதிக்காமல், அவன் இல்லாமல் தம் தொழில் நடவாது என்று அறிந்து, அருகருகே நின்றிருக்கிறார். விலக்கு என்பது இவ்விதமும் இருக்கக் கூடுமென்று நாம் படித்த நூல்களில் எதிலும் கண்டோமில்லை. குக்கியின் விலக்கு அவரோடு நின்றது. நம் வீட்டு விலக்கு எதிர் லயம்வரை நடந்து சென்றது.

அப்படியானால் நாமும் குக்கியைப் போல இருந்துவிடலாம் அல்லவா என்று நேயர்கள் கேட்பார்கள். நாமும் கேட்டுக்கொண்டோம், விடை அவ்வளவு எளிதாக வரவில்லை. குக்கி ஏன் உண்ணவில்லை என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. தெரியாதது ஒன்று வயிற்றில் இருந்துகொண்டு கரண்டியை உதட்டோடு நிறுத்துகிறது. அதற்குச் சுதந்திரம் என்று பெயரிட நமக்குத் துணிவில்லை, ஜாதி என்று முழுவதும் ஒப்பவும் மனமில்லை.

நண்பர் சோற்றில் ஊற்றி இடக்கையால் கரண்டி பிடித்து உண்டார்; இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். நாம் அதே மேசையில் அதே சோற்றை ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டு உண்டோம். அவர் உண்ணச் சொல்லி ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. “குக்கி செய்ததில் முக்கால் பங்கு இருக்கிறது” என்று தீர்ப்பளித்தார். மறுநாள் இன்னும் நன்றாக இருக்குமென்று மீதியைக் கிண்ணத்தில் மூடிவைக்கச் சொன்னார்.

சட்டியை நாமே கழுவினோம். ஜெலட்டின் விரல்களில் பசைபோல் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் இட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினோம். வீடு திரும்பியதும் இன்னொரு முறை கழுவினோம். இரண்டாம் முறை கழுவியது பசை போகவில்லை என்பதற்காகவா, வேறொன்றுக்காகவா என்று குழாயடியில் நின்று வெகுநேரம் யோசித்தோம்.

வரும் சனிக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். இம்முறை மூளையெலும்பு இரண்டு சேர்த்து வாங்கிவர வேண்டுமாம்.